மூட்டையோடு வந்த துறைமுகக்காரர்

போன மாதம் இளம் வரலாற்று ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு பட்டறை நடத்தினார்கள். பணி ஓய்வு பெற்று வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என்னையும் கூப்பிட்டு மேடையில் உட்கார வைத்துவிட்டார்கள். ஏ.ஆர். (ஆக்மென்டட் ரியாலிட்டி) என்கிற சங்கதியை வைத்து எங்கள் வட்டாரத்தில் வரலாறு நடத்திப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தியாம். கேள்வி நேரத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சர், சுத்தி வளைக்காம சொல்லுங்க. ஏ.ஆர். வரலாற்றுப் பாடத்துக்கு நல்லதா, இல்லையா?"

மைக்கைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று முழித்தேன்.  கடைசியில், "முந்தின நாளே சார்ஜ் போட மறந்துடாதீங்க" என்றேன். எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். நான் நகைச்சுவையாகப் பேசியதாக நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு என் மேலேயே எரிச்சல். அந்தப் பெண் கேட்டதற்கு இன்றுவரைக்கும் எனக்குப் பதில் தெரியாது. நடந்ததை எழுதுகிறேன். பதில் தெரிந்தவர்கள் எனக்கும் சொல்லுங்கள்.

என் பெயர் சிவகாமி. ஆசிரியர் கல்லூரி முடித்ததும், மலேசியாவில் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற கெப்பாலா பத்தாஸ் பக்கம் போட்டார்கள். தினமும் ஃபெர்ரி, அப்புறம் பஸ், அப்புறம் வெயிலில் நடை. சில வருஷம் அப்படி அலைந்தபிறகு தீவிலேயே, ஜோர்ஜ் டவுனில் ஓர் இடைநிலைப் பள்ளிக்கு மாற்றல் கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான். மலாய் மொழியில் வரலாறு நடத்துவேன், தமிழில் திட்டுவேன். மலாய்ப் பிள்ளைகளுக்கும் சீனப் பிள்ளைகளுக்கும் என் தமிழ்த் திட்டு எல்லாம் அத்துப்படி. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும், ஒத்துக்கொள்கிறேன். அதிலும் இல்லாததை இருந்ததாக ஒரு பிள்ளை எழுதிவிட்டால் போச்சு. கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருந்தாலும் பொறுத்துக்கொள்வேன். நடக்காததை நடந்ததாக எழுதினால் பாதி மதிப்பெண்கூடப் போடமாட்டேன். "கதை எழுதணும்னா மொழிப் பாடத்துல எழுது, என்கிட்ட எழுதாதே" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பிள்ளைகளுக்கு அது தெரியும். பெற்றோருக்கும் தெரியும்.

ஓய்வுக்குச் சில வருஷம் இருக்கும்போதுதான் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார்.

அவர் பெயர் ஹஸ்னா, மலாய் மரியாதைப்படி புவான் ஹஸ்னா. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நடைபாதையில் மிட்டாய்க் காகிதம் கிடந்தால் யாரையும் ஏவமாட்டார். குனிந்து தானே எடுத்து, கைக்குள் மடித்துக்கொண்டு நடப்பார். பார்த்த பிள்ளைகள் வெட்கப்பட்டு அடுத்த காகிதத்தை ஓடிப்போய் எடுக்கும். முடிவெடுக்கக் கஷ்டமான விஷயம் வந்தால் மேசையில் இருக்கிற பேனா, ஸ்டேப்ளர், நாட்காட்டி எல்லாவற்றையும் ஒரே கோட்டில் நகர்த்தி வைப்பார். வைத்துவிட்டு, "தெங்கோக் டுலு" என்பார். முதலில் பார்ப்போம் என்று அர்த்தம். நான் எதையும் பார்ப்பதற்கு முன்னாலேயே கத்துகிற ஜாதி. எங்கள் இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போனது என்பது அலுவலகத்தில் பலருக்கும் புரியாத விஷயம்.

அன்றைக்கு அவர் அறையில் கென் என்கிற சீனப் பையன் உட்கார்ந்திருந்தான். பையன் என்கிறேன், கல்யாணம் ஆனவன்தான். பாயான் லெப்பாஸில் கணினி விளையாட்டு செய்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. பழைய பினாங்குத் துறைமுகத்தை ஏ.ஆரில் கட்டித் தருகிறானாம், அதை நான் வகுப்பில் நடத்திப் பார்க்கவேண்டுமாம்.

தெரியாதவர்களுக்காக: டேப்லட்டின் கேமராவைத் தரையை நோக்கிப் பிடித்தால், திரையில் அதே தரை தெரியும். ஆனால் தரைமேல் இல்லாத ஒரு பொருள் அங்கே நிற்கும். சுற்றிப் போனால் அதன் முதுகு தெரியும், கிட்டப் போனால் பெரிசாகும். டேப்லட்டைக் கீழே இறக்கினால் வெறும் தரைதான். கையில் பிடித்திருப்பவர் கண்ணுக்கு மட்டும் தெரியும், பக்கத்தில் நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது.

முதல் நாள் மண்டை காய்ந்துவிட்டது. எங்கள் வகுப்பறைத் தரையைத் துப்புரவு அக்கா மெழுகு போட்டுப் பளபளவென்று வைத்திருந்தார். அந்தப் பளபளப்பில் இயந்திரத்துக்குத் தரை எது என்று தெரியவில்லை. துறைமுகம் மின்விசிறிப் பக்கத்தில் தொங்குகிறது, சரக்குக் கிட்டங்கி சன்னலுக்கு வெளியே போய் நிற்கிறது. நான் கென்னைப் பிடித்துக் கத்தினேன். அவன் பாவம், தலையைச் சொறிந்துகொண்டு, "சிக்கு, தரையில் கோடு, பூ, ஏதாவது வேண்டும். கேமராவுக்குப் பிடிப்பு வேண்டும்" என்றான். சிக்கு என்றால் மலாயில் டீச்சர். மறுநாள் பாசாரிலிருந்து பூப்போட்ட பாய்கள் வாங்கிவந்து விரித்தேன். துறைமுகம் கீழே இறங்கிவந்து பாய்மேல் உட்கார்ந்தது.

அப்புறம் ஒரு நடைமுறை பழகிவிட்டது. காலையில் பூட்டிய தள்ளுவண்டியைத் திறந்து டேப்லட்டுகளின் சார்ஜைப் பார்ப்பது. வெயில் பக்கத்துத் திரைச்சீலையை மட்டும் பாதி இழுப்பது. பாய் விரிப்பது. குழுவுக்கு ஒன்றாகக் கொடுப்பது. பிள்ளைகள் நின்ற இடத்திலிருந்தே டேப்லட்டை மெதுவாக வட்டமாகச் சுற்றவேண்டும், வேகமாக ஆட்டினால் இயந்திரத்துக்குத் தலை சுற்றிவிடும். "ஆரத்தி எடுக்கிற மாதிரி சுத்துங்கடா" என்றேன். தமிழ்ப் பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் கென்கூட "ஆரத்தி, ஆரத்தி" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

பாடம் இதுதான்: கப்பலிலிருந்து சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும் தொங்கான் படகு. அதிலிருந்து கிட்டங்கிவரை போட்ட பலகை. அந்தப் பலகைமேல் முதுகில் அரிசி மூட்டையோடு ஏறும் இந்தியத் தொழிலாளி. இதை வாயால் சொன்னபோதெல்லாம் கொட்டாவி விட்ட பின்வரிசை, இப்போது பாயைச் சுற்றி மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமா பொறாமையா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்தத் தொழிலாளியைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. எங்கேயோ வாங்கிப் போட்ட முகம். வெள்ளை வெளேரென்று, முறுக்கின மீசையும் சினிமா நடிகன் உடம்புமாக. இவனா வெயிலில் மூட்டை தூக்கினவன்? "இது யாரு, மாப்பிள்ளை ஊர்வலத்துல வர்ற ஆளா?" என்றேன். கென்னுக்குப் புரியும்படி மலாயில் இன்னொரு தடவை திட்டினேன். அசல் முகம் ஒன்று கொடுத்தால் மாற்றித் தருகிறேன் என்றான்.

வகுப்பில் கேட்டேன், வீட்டில் துறைமுகத்தில் வேலை பார்த்தவர் படம் யாரிடமாவது இருக்கிறதா என்று. எல்லாரும் போனபிறகு துர்கா வந்தாள். நான்காம் படிவம், பதினாறு வயது. அதிகம் பேசாத பெண், நன்றாகப் படிப்பவள். தன் கைத்தொலைபேசியில் எடுத்த ஒரு படத்தைக் காட்டினாள். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படம்.

"அம்மாவோட அப்பா, டீச்சர். தொங்கான்ல வேலை செஞ்சவரு. ஆனா யாரு தாத்தான்னு கிளாஸ்ல சொல்லாதீங்க லா. ப்ளீஸ்."

சரி என்றேன். அவள் வீட்டில் கேட்டுக்கொண்டுதான் வந்தாள். படம் பாடத்துக்கு வேண்டுமாம் என்று மட்டும் சொன்னாளாம், எதற்கு என்று விளக்கவில்லை. எனக்கே சரியாக விளக்கத் தெரியாத விஷயத்தை அவள் எங்கே விளக்குவது?

ஒரு வாரத்தில் கென் முகத்தைப் பொருத்திக் கொண்டுவந்தான். ஒடுங்கின கன்னம், உள்ளே போன கண். அந்த முகத்துக்குத் தகுந்தமாதிரி உடம்பையும் இளைக்க வைத்திருந்தான். அவர் பலகைமேல் ஏறி வந்தபோது நான் டேப்லட்டைக் கிட்டே கொண்டுபோனேன். அப்புறம்தான் நெற்றியைப் பார்த்தேன். நெற்றி நிறையச் சந்தனம். நடுவில் காசு அகலத்துக்குக் குங்குமப் பொட்டு.

நம் வீடுகளில் இறந்தவர் படத்துக்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைப்போம் அல்லவா? அது கென்னுக்கு எப்படித் தெரியும்? அந்தக் காலத்துத் தொழிலாளிகளின் அடையாளம் என்று நினைத்து, ரொம்பச் சிரத்தையாக மெருகு வேறு ஏற்றியிருந்தான். அதற்குள் ஒரு குழு பார்த்துவிட்டுக் குறிப்பும் எழுதிவிட்டது. துறைமுகத் தொழிலாளர்கள் நெற்றி நிறையச் சந்தனம் பூசி வேலைக்கு வந்தார்கள் என்று ஒரு சீனப் பிள்ளை அழகான மலாயில் எழுதியிருந்தது. நான் அதற்கு மதிப்பெண் போடுவதா வேண்டாமா? கண்ணால் பார்த்ததைத்தானே அந்தப் பிள்ளை எழுதியது! சிவப்புப் பேனாவைத் திறந்து திறந்து மூடினேன்.

பொட்டை எடு என்று கென்னிடம் சொன்னேன். வேறு படம் எடுத்து வா என்று துர்காவிடம் சொன்னேன். அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"இருக்குறதே அந்த ஒண்ணுதான் டீச்சர். கண்ணாடி மேல வச்ச பொட்டு இல்ல அது. ஃப்ரேம் போடுறதுக்கு முன்னாடியே படத்து மேலயே பூசிட்டாங்க. ஊறிப் போச்சு."

சரி, கணினியிலேயே அழிக்கலாம் என்றான் கென். சந்தனத்துக்கு அடியில் நெற்றி எப்படி இருந்தது என்று படத்தில் இல்லை. கன்னத்துத் தோலை எடுத்து மேலே இழுத்து ஒட்டினான். சுருக்கம் இரண்டு போட்டான். ஐந்து நிமிஷ வேலை. துர்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இப்ப செத்தவரு மாதிரியே இல்ல டீச்சர்" என்றாள்.

அது நல்லதா கெட்டதா என்று அவள் முகத்தைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கோ வேறொரு உறுத்தல். பாடம் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துறைமுகம், வெள்ளைக்காரன் காலம். இந்த மனிதர் அதற்கு எவ்வளவோ பின்னால் பிறந்தவர், நாடு சுதந்திரம் அடைந்தபிறகும் மூட்டை தூக்கியவர். அவரைக் கொண்டுபோய் அவர் தாத்தா காலத்தில் நிறுத்தினால் அது வரலாறா? கென்னிடம் கேட்டேன். "முகத்துக்கு வருஷம் கிடையாது, சிக்கு" என்றான்.  முன்பு இருந்த சினிமா முகத்தைவிட இது பொய்யா, மெய்யா? இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது.

அப்புறம்தான் அந்த விவகாரம்.

ஏ.ஆர். பொருளை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று சொன்னேன் அல்லவா? செயல்திட்டத்துக்காகக் குழுக்கள் டேப்லட்டைப் பள்ளி வளாகத்துக்குள் எடுத்துப்போக அனுமதி இருந்தது. லோகேஷ் என்று ஒரு பையன், வாய்த் துடுக்கு ஜாஸ்தி, மற்றபடி கெட்டவன் இல்லை. அவன் அதைக் கழிப்பறைக்குக் கொண்டுபோய்விட்டான். கழிப்பறைக் குழிக்குள்ளிருந்து அந்த மனிதர் மூட்டையோடு ஏறி வருகிறமாதிரி நிறுத்தி, "வர்றான் பாரு கூலி, வர்றான் பாரு" என்று வருணனை கொடுத்துப் படம் பிடித்தான். இடைவேளையில் கூட்டம் சேர்த்துக் காட்டினான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துர்காவும் எட்டிப் பார்த்தாள்.

நான் ஓடிப்போவதற்குள் முடிந்துவிட்டது. டேப்லட்டைப் பிடுங்கி அதன் முனையாலேயே அடித்திருக்கிறாள். லோகேஷுக்குப் புருவத்துக்கு மேலே கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். திரை நொறுங்கிக் கிடந்தது. துர்கா அழவில்லை, ஓடவும் இல்லை. கையில் டேப்லட்டோடு அப்படியே நின்றாள். நான் வாயைத் திறந்தேன். யாரைத் திட்டுவது? அவனுக்கு அது யார் என்று தெரியாது. சொல்லக்கூடாது என்று கேட்டவள் அவள். அவன் விளையாடியது ஒரு பொம்மையோடு. அவள் பார்த்தது அவள் தாத்தாவை. அத்தனை வருஷத்தில் ஒரு சண்டைக்கு நடுவே யாரையும் திட்டாமல் நான் நின்றது அந்த ஒரு தடவைதான்.

பையனுக்குத் தையல் போட்டார்கள். விதிப்படி பார்த்தால் துர்காவை வேறு பள்ளிக்கு மாற்றவேண்டும். அடுத்த வருஷம் அரசாங்கத் தேர்வு. பாதியில் போய்ப் புதுப் பள்ளியில் உட்கார்ந்தால் அந்தப் பெண் என்ன ஆவாள்? பையனின் அப்பா லாரி ஓட்டுகிறவர், பெரிய உடம்பு. மறுநாள் வந்து தலைமையாசிரியை அறையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்தப் பெண் இந்தப் பள்ளியில் இருக்கக்கூடாது என்றார். அவர் பிள்ளை நெற்றியில் கட்டைப் பார்த்தபிறகு அவரைக் குறை சொல்லவும் என்னால் முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் துர்காவின் அம்மா வந்தார். செல்வி. பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. ஷிப்ட் முடிந்து, தொழிற்சாலை பஸ்ஸைப் பிடித்து, நீலச் சீருடையோடு அப்படியே வந்திருந்தார். என்னைவிடக் கொஞ்சம்தான் இளையவர். பிந்திப் பிறந்த ஒரே பிள்ளை துர்கா.

புவான் ஹஸ்னா நடந்ததை மெதுவாகச் சொன்னார். செல்வி கடைசிவரை கேட்டார். அப்புறம் லோகேஷின் அப்பா பக்கம் திரும்பி, "அடிச்சது தப்புண்ணே. புள்ள கண்ணுல பட்டிருந்தா நான் என்ன பண்ணுவேன்? மன்னிச்சுக்குங்க" என்றார். அவர் கைக்கட்டை அவிழ்த்தார்.

தலைமையாசிரியை பேனாவை நேராக வைத்தார். ஸ்டேப்ளரைப் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தார். பெண்ணின் விஷயத்தை அப்புறம் பேசலாம், முதலில் அந்த உருவத்தை எல்லா டேப்லட்டிலிருந்தும் அழித்துவிடச் சொல்கிறேன், அது உங்களுக்கு நிம்மதியாக இருக்கும் என்றார். நான் தமிழில் சொன்னேன்.

செல்விக்குப் புரியவில்லை. "எத அழிக்கிறீங்க? போட்டோதானே குடுத்தோம்?"

"படம் இல்ல செல்வி. அவர நடக்க வச்சிருக்காங்க."

அவர் என்னையே பார்த்தார். "நடக்கிறாரா?"

அப்புறம் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நான் பாக்கலாமா டீச்சர்?"

தலைமையாசிரியை அறையில் பூப்போட்ட கம்பளம். ஆரத்திகூட வேண்டியிருக்கவில்லை, இயந்திரம் உடனே தரையைப் பிடித்துக்கொண்டது. டேப்லட்டை அவர் கையில் கொடுத்தேன். மேசைக்கும் பூச்சாடிக்கும் நடுவில் மனிதர் மூட்டையோடு ஏறி வந்திருக்க வேண்டும். நான் பார்த்தது செல்வியின் முகத்தைத்தான். அவர் அழவில்லை. முதலில் குனிந்து கேமராவைக் கீழே கொண்டுபோனார்.

"செருப்பு இல்லையா இவருக்கு?"

அப்புறம் அப்பா நடக்கிற வேகத்துக்குத் தானும் பக்கத்தில் நடந்தார். சுவர்வரைக்கும் போய், அவர் மறைந்து மறுபடியும் முதலிலிருந்து கிளம்பியதும், திரும்பி வந்து மறுபடி கூடவே நடந்தார். லோகேஷின் அப்பா எழுந்து நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார். யாரும் சொல்லாமலேயே.

"நான் வயித்துல இருக்கும்போதே போயிட்டாரு டீச்சர்" என்றார் செல்வி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "தொங்கானுக்கும் கப்பலுக்கும் நடுவுல விழுந்துட்டாரு. எனக்கு அந்தப் படம்தான் அப்பா." முகத்துக்குக் கிட்டே போனவர் நின்றார். "பொட்டு எங்க?"

 விளக்கினேன். பாடத்துக்குப் பொருந்தாது, அதனால் எடுத்துவிட்டோம் என்றேன்.

"பொட்டு இல்லாம நான் அவரப் பார்த்ததே இல்ல" என்றார். "இதுதான் அப்பாவோட நெத்தியா?" ஒரு கையால் தன் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "துர்காவுக்கு இதே மாதிரி, டீச்சர். அவ நெத்தி யாரு நெத்தின்னு எனக்குத் தெரியாமலே இருந்துச்சு."

கன்னத்துத் தோலை இழுத்து ஒட்டின நெற்றி அது. நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். சொல்லவேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. என் வேலையே அதுதானே? சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போதும் யோசிக்கிறேன்.

முதலில் பேசியது லோகேஷின் அப்பாதான். "விடுங்க மேடம்" என்றார். "நம்ம பையனும் 'கூலி'ங்கிற அந்தப் பேரைச் சொல்லியிருக்கக்கூடாது. எங்கப்பாவும் மூட்டை தூக்குனவருதான்." அதோடு எழுந்து போய்விட்டார்.

தலைமையாசிரியை துர்காவுக்கு ஒரு வாரம் வகுப்புத் தடை கொடுத்தார், பள்ளி மாற்றம் இல்லை. உருவத்தை அழிப்பதா என்று செல்வியிடமே கேட்டார்.

"அழிக்கிறதுன்னா அழிச்சுக்குங்க. அது மத்த புள்ளைங்க விளையாட வேணாம். ஆனா தீபாவளி வருது. முந்தின நாள் அப்பாவுக்குப் படைப்போம். அன்னிக்கு ஒரு தடவ வீட்டுல நிக்க வைக்க முடியுமா?"

பள்ளி டேப்லட் பள்ளியை விட்டு வெளியே போகக்கூடாது. புவான் ஹஸ்னா நாட்காட்டியை நகர்த்தினார். மறுபடி நகர்த்தினார். "தெங்கோக் டுலு" என்பார் என்று காத்திருந்தேன். "சிக்கு சிவகாமி கொண்டுபோய்க் கொண்டுவரட்டும்" என்றார்.

படையல் அன்று மாலை அவர்கள் அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். சின்ன வீடு, தரையெல்லாம் வெள்ளை ஓடு. படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு, புது வேட்டி, துண்டு, தலைவாழை இலை. இலையில் சோறு, கருவாட்டுக் குழம்பு, மொச்சை, பக்கத்தில் ஒரு குவளை கறுப்புக் கோப்பி. இதெல்லாம் அப்பாவுக்குப் பிடிக்கும் என்று செல்விக்கு அவர் அம்மா சொன்னதுதான், தானாகத் தெரிந்தது ஒன்றும் இல்லை. சுவரில் படம் புதுச் சந்தனத்தோடு இருந்தது.

வெள்ளைத் தரையில் இயந்திரம் தடுமாறியது. மனிதர் விட்டத்துப் பக்கம் மிதந்தார். "பாய் இருக்கா?" என்றேன். துர்கா உள்ளேயிருந்து கோடுபோட்ட பாய் ஒன்றை எடுத்துவந்து இலைக்கு எதிரே விரித்தாள். ஆரத்தி சுற்றினேன். அவர் இறங்கி வந்து பாயில் காலை வைத்தார். கென் சொல்லிக் கொடுத்திருந்தபடி ஓர் இடத்தில் நிறுத்தினேன். இலைக்கு முன்னால் நின்றார்.

தாயும் மகளும் மாற்றி மாற்றி டேப்லட்டை வாங்கிப் பார்த்தார்கள். செல்வி கற்பூரத்தை எடுக்கப் போனவர் திரும்பி வந்து மறுபடியும் ஒருதரம் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"மூட்டையோட எப்படி டீச்சர் சாப்பிடுவாரு?"

 அத்தனை பாடம் நடத்தியும் எனக்கு அது தோன்றவே இல்லை. கென்னைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். மூட்டையை இறக்க வைக்க முடியுமா?  "சிக்கு, நான் அவரைத் தூக்க மட்டும்தான் செய்தேன். இறக்குவது செய்யவில்லை. செய்ய நாளாகும்" என்றான். குரல் இறங்கியிருந்தது. செல்வியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். "தனியா எப்படி இறக்க முடியும்? பின்னாடி ஆளு வேணும்ல" என்றார். "துர்கா, இந்தப் பக்கம் வா."

டேப்லட்டை என் கையில் கொடுத்துவிட்டு, பாய்க்குப் பின்னால் போய் நின்றார். துர்கா மறுபக்கம். "எந்த உசரம் டீச்சர்?" நான் சொன்னேன். இரண்டு பேரும் கையை நீட்டி மூட்டைக்கு அடியில் கொடுத்தார்கள். அவர்கள் கண்ணுக்கு அங்கே ஒன்றும் இல்லை, வெறும் காற்றுதான். திரையில் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் நாலு கையும் அந்தச் சாக்குக்கு அடியில் சரியாகப் பொருந்தியது தெரிந்தது. செல்வி பாரம் தாங்குகிறமாதிரி முழங்காலை மடக்கினார். மெதுவாக, மிக மெதுவாக, இரண்டு பேரும் தரைவரைக்கும் கொண்டுவந்தார்கள். பிறகு குனிந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இறக்கியாச்சா டீச்சர்?"

திரையில் மூட்டை அவர் முதுகிலேயே இருந்தது. கொஞ்சம்கூட அசையவில்லை.

"இறக்கியாச்சு செல்வி" என்றேன். "உக்காந்துட்டாரு. சோறு ஆறுது பாரு."